செல்லபாய் இறங்கிய முப்பத்தைந்து கிலோ

பாறசாலையிலிருந்து செங்கல் என்ற ஊருக்குப் போகும் ரோட்டில் செல்லபாயின் டெலிபோன் பூத் இருந்தது. வெள்ளிக்கிழமை ஆனால் அங்கே பெண்கள் கூட்டம் நிற்கும். வளைகுடாவில் அன்றைக்கு விடுமுறை. கண்ணாடிக் கூண்டுக்குள் நின்று அவர்கள் கணவன்மாரோடு கொஞ்சுவதும் அழுவதும் சண்டை பிடிப்பதும் செல்லபாய்க்குத் தெளிவாகக் கேட்கும். எந்த வீட்டில் மாமியார் என்ன சொன்னாள் என்பது வரை அவளுக்குத் தெரியும். பில்லைக் கிழித்துக் கொடுக்கும்போது மட்டும் அவளிடம் நின்று ஒரு வார்த்தை பேச யாருக்கும் நேரமிருக்காது.

1993-ல் அவளுக்கு நாற்பத்தொரு வயது. கல்யாணம் ஆகவில்லை. பூத்துக்குப் பின்னால் இரண்டு அறை வீடு, அதில் அவள் ஒருத்திதான். அம்மா போய்ச் சேர்ந்து மூன்று வருடமாகியிருந்தது. தம்பி ஈசாக் 89-ல் சவுதிக்குப் போனவன். அவனுடைய பாஸ்போர்ட் அங்கே முதலாளி கையில் சிக்கிக்கொண்டதால் அம்மாவின் அடக்கத்துக்குக்கூட வர முடியவில்லை. ஞாயிற்றுக்கிழமை காலையில் பூத்துக்குக் கூப்பிடுவான்.

"சொகந்தானே அக்கா?"

"சொகம் உண்டு மக்கா."

இரண்டு நிமிடத்தில் வைத்துவிடுவான். அந்த வாரத்தில் அவளுக்கென்று அடித்த மணி அது ஒன்றுதான்.

சுகம் இல்லை என்பதை அவள் சொல்லவில்லை. அம்மா செத்த பிறகு சாயங்காலம் பூத்தை அடைத்துவிட்டு வீட்டுக்குள் நுழைந்தால் ஒரு சத்தம் இருக்காது. மரச்சீனிக் கிழங்கை அவித்து, மீன்குழம்புச் சட்டியையும் பக்கத்தில் இழுத்து வைத்துக்கொண்டு உட்காருவாள். இரண்டு பேருக்கு வைத்துப் பழகிய கை, அளவு குறையவில்லை. இரண்டு பேருடையதையும் அவளே தின்றாள். பிறகு அதுவும் போதாமல் ஆயிற்று. நாற்காலியின் கை இரண்டையும் ஆசாரியைக் கூப்பிட்டு அறுத்து எடுக்க வேண்டி வந்தது.

அந்த வருடம் தவக்காலத்தில் ஒரு வேகத்தில் அவள் சாப்பாட்டை நிறுத்தினாள். காலையில் பால் விடாத கட்டன் சாயா, மத்தியானம் கஞ்சித் தண்ணீர். பதினேழு நாள் தாங்கினாள். பெரிய வெள்ளிக்கிழமை ஆராதனையில் பாட்டுக்கு எழுந்து நின்றவள் அப்படியே சரிந்து விழுந்தாள். நாலு ஆண்கள் தூக்கினார்கள். நினைவு பாதி திரும்பும் நேரத்தில் அவள் காதில் விழுந்தது இதுதான்: "எலே, நாலு பேரு போராது. இன்னும் ரெண்டு பேரு பிடிங்கலே." யாரோ சிரிப்பை அடக்கிக்கொண்டார்கள். கண்ணைத் திறக்காமலே கிடந்தாள். அதற்குப் பிறகு சர்ச்சுக்குப் போகவில்லை. வீட்டிலேயே ஜெபித்துக்கொண்டாள். பட்டினி கிடந்து போன எடை ஒரு மாதத்தில் வந்து, கூடவே இன்னும் கொஞ்சமும் வந்தது.

ஆகஸ்டில் முட்டுவலி தாங்காமல் நெய்யாற்றின்கரையில் ஒரு டாக்டரம்மாவிடம் போனாள். விஜயம்மா என்று பெயர், அவள் வயதுதான் இருக்கும். எடை பார்க்கும் தராசில் நூற்றிருபதுக்கு மேல் எண் இல்லை. செல்லபாய் ஏறியதும் முள் போய் ஓரத்தில் இடித்து நின்றது. மருந்து எடுத்துக் கொடுக்கும் பெண் வேறு பக்கம் பார்த்தாள்.

"எவ்வளவு கொறைக்கணும்னு நெனைக்குதிய?" என்று டாக்டர் கேட்டார்.

"அறுவது கிலோ, டாக்டரே. கிறிஸ்மஸுக்கு முன்னே."

டாக்டர் சிரிக்கவில்லை. "இது ஏறதுக்கு எத்தன வருஷம் ஆச்சு?"

"அம்மை செத்த பொறவாக்கும். மூணு வருஷம்."

"மூணு வருஷமாட்டு ஏறினத நாலு மாசத்துல எறக்க முடியாது. நான் ஆறு மாசம் தாறேன். எனக்குப் பத்துக் கிலோ போரும். அறுவதப் பத்தி இப்ப நெனைக்காண்டாம்."

செல்லபாய்க்கு அழுகை வந்தது. பத்துக் கிலோ போனால் யாருக்குத் தெரியப்போகிறது? ஆறு இழைச் சங்கிலியில் ஒரு கண்ணி கழன்ற மாதிரி.

"எப்ப கூடுதல் சாப்பிடுவிய?"

"பூத் அடச்ச பொறவு."

"அவ்வளவு பசிக்குமா?"

"பசி ஒண்ணும் இல்ல." "வேற என்ன செய்யதுக்கு?"

டாக்டர் பேனாவைக் கீழே வைத்தார். அதற்கு மருந்து எழுத அவருக்கும் தெரியவில்லை. கடைசியில் மூன்றே காரியம் சொன்னார். சட்டியைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு சாப்பிடக் கூடாது. ஒரு தட்டில் போட்டு எடுத்துக்கொண்டு மீதியை அடுக்களையில் மூடி வைக்க வேண்டும். காலையில் வீட்டிலிருந்து, ரோட்டுக்கு அடியில் தண்ணீர் போகும் முதல் கலுங்கு வரை நடக்க வேண்டும், அதற்கு மேல் இப்போதைக்கு வேண்டாம். மாதத்துக்கு ஒரு தடவை எங்காவது பெரிய தராசில் எடை பார்க்க வேண்டும். தினமும் பார்க்கக் கூடாது.

பெரிய தராசு அந்த வட்டாரத்தில் ராஜப்பனின் ரப்பர் கடையில்தான் இருந்தது. உலர்த்திய ரப்பர் சீட்டும் மரத்தில் உறைந்த ஒட்டுபாலும் எடைபோடும் தராசு. மூன்று நாள் யோசித்துவிட்டு, ஒரு திங்கட்கிழமை கடை திறக்கும் முன்னாலேயே போய் நின்றாள். ராஜப்பனுக்கு ஐம்பத்தைந்து வயதிருக்கும், அதிகம் பேசாத ஆள்.

"அண்ணே, ஒரு எடை பாக்கணும்."

"சீட்டு எங்கே?"

"சீட்டு இல்ல. நானாக்கும்."

அவர் அவளை ஒரு தடவை பார்த்தார். பூட்டைத் திறந்து, தராசுத் தண்டில் குண்டை எப்படி நகர்த்துவது என்று காட்டிக் கொடுத்தார். பிறகு வெளியே போய் ரோட்டைப் பார்த்துத் திரும்பி நின்று பீடி பற்றவைத்துக்கொண்டார். ரப்பரின் புளித்த நாற்றத்துக்கு நடுவில் நின்று, செல்லபாய் தன் எடையைத் தானே பார்த்தாள். நூற்று முப்பத்தொன்றரை. இறங்கி வெளியே வந்தபோது எவ்வளவு என்று அவர் கேட்கவில்லை. "மாசத்துல மொதல் திங்கள் வந்தாப் போதும். நான் நேரத்தே தொறந்து வைக்கேன்" என்று மட்டும் சொன்னார்.

ஆறு மாதம் கழிந்தபோது நூற்றிருபத்து நாலு. பத்து ஆகவில்லை, ஏழரைதான். தோற்றுப்போன முகத்தோடு நெய்யாற்றின்கரைக்குப் போனாள். டாக்டர் முகம் மலர்ந்தது. "ஏழரை போச்சு, முட்டு எப்பிடி உண்டு?" முட்டுவலி பாதியாகியிருந்தது. அதை அவள் கவனிக்கவே இல்லை, எண்ணையே பார்த்துக்கொண்டிருந்தாள். அடுத்த குறியை டாக்டர் வேறுமாதிரி வைத்தார். "இனி என் தராசுல ஏறி முள்ளு ஓரத்துல இடிக்காம நிக்கணும். அவ்வளவுதான்."

அதற்கு ஒரு வருடம் பிடித்தது. 95 தொடக்கத்தில் அந்த முள் நூற்றுப் பதினேழில் ஆடி நின்றது. செல்லபாய் அதையே பார்த்துக்கொண்டு நின்றாள். இறங்க மனம் வரவில்லை. இதை யாரிடமாவது சொல்ல வேண்டும்போல் இருந்தது. பஸ்ஸில் வீட்டுக்கு வந்து, பூத்தைத் திறந்து, நாள் முழுக்க மற்றவர்கள் பேசுவதைக் கேட்டுக்கொண்டிருந்தாள். ஞாயிற்றுக்கிழமை ஈசாக் கூப்பிட்டான். நாக்கு நுனி வரை வந்தது. ஏறினதைச் சொல்லாமல் இறங்கினதை எப்படிச் சொல்வது? "சொகம் உண்டு மக்கா" என்றாள்.

நடை கலுங்கைத் தாண்டி, செங்கல் கோவில் திரும்பும் முக்கு வரைக்கும் நீண்டது. 97 கிறிஸ்மஸுக்கு எடை நூற்றெட்டு. நாலு வருடம் கழித்து, புதுச் சட்டையும் முண்டும் நேரியதும் உடுத்து சர்ச்சுக்குப் போனாள். ஆராதனை முடிந்து வெளியே வந்ததும் புஷ்பபாய் என்ற பெண் கையைப் பிடித்துக்கொண்டாள். சர்ச் பெண்கள் சங்கத்தில் பெரிய குரல் அவளுடையதுதான்.

"என்ன பிள்ளே இது, இப்பிடி ஒணங்கிப் போனே? சுகர் உண்டா? இல்ல வேற வல்ல சீக்குமா? ஆஸ்பத்திரியில நல்லாக் காட்டினியா?"

சுற்றி நின்றவர்கள் 'ச்சு' கொட்டினார்கள். அடுத்த ஞாயிறு அவளுக்காக ஜெபம் பண்ணினதாகக் கேள்விப்பட்டாள். பூத்துக்கு வருகிறவர்கள் அவள் முகத்தை ஒரு மாதிரி பார்த்துவிட்டுப் போனார்கள். பருமனாக இருந்தபோது சிரித்தவர்கள், இப்போது சாகப்போகிறவளைப் பார்ப்பதுபோல் பார்த்தார்கள். நாலு வருடப் பாடு யார் கண்ணிலும் பாடாகத் தெரியவில்லை, நோயாகத்தான் தெரிந்தது. அன்று சாயங்காலம் அவள் சட்டியை அடுக்களையிலிருந்து மறுபடி எடுத்து வந்தாள். ஜனவரி, பிப்ரவரி, மார்ச் மூன்று திங்களும் ரப்பர் கடைக்குப் போகவில்லை.

ஏப்ரலில் ராஜப்பன் பூத்துக்கு வந்தார். மஸ்கட்டில் இருக்கும் மகளோடு பேசிவிட்டு வெளியே வந்தவர், போகாமல் நின்றார்.

"திங்களாழ்ச்ச நான் நேரத்தே தொறந்து வைக்கத்தான் செய்யேன்" என்றார்.

"கூடிப் போச்சு அண்ணே. வரதுக்கு நாணமாட்டு இருக்கு."

"தராசுக்கு நாணம் ஒண்ணும் தெரியாது. நான் பாக்கதும் இல்ல."

போனாள். நூற்றுப் பதினாலு. ஆறு கிலோ ஏறியிருந்தது. பயந்த அளவுக்கு இல்லை. நாலு வருடத்தில் பதினேழரைக் கிலோ அவள் இறக்கியதுதான். அது இன்னும் அவள் கணக்கில் இருந்தது. டாக்டரும் திட்டவில்லை. "ஏறும், எறங்கும். நிறுத்தாம இருக்கதாக்கும் காரியம்" என்று சொல்லி அடுத்த மூன்று மாதத்துக்கு நாலு கிலோ என்று எழுதினார். இந்தத் தடவை செல்லபாய் கிலோவைக் கேட்டு வருத்தப்படவில்லை.

99 ஓணத்துக்கு முந்தின வாரம் ஈசாக் வந்தான். புது முதலாளி, புதுப் பாஸ்போர்ட், நாற்பது நாள் லீவு. திருவனந்தபுரம் விமான நிலையத்தில் கம்பிக்கு வெளியே அவள் நின்றாள். அன்றைக்குத் தொண்ணூற்றாறரை. ஆறு வருடத்தில் முப்பத்தைந்து கிலோ. தம்பி பெட்டியைத் தள்ளிக்கொண்டு வந்தான்; தலை நரைத்திருந்தது. அவளைத் தூரத்திலேயே கண்டுகொண்டு கட்டிப் பிடித்தான்.

"அக்கா! நீ அப்பிடியே இருக்கியே. ஒரு மாத்தமும் இல்ல."

அவன் போகும்போதும் அவள் இந்த எடைதான். இடையில் ஏறியதையும் அவன் காணவில்லை, இறங்கியதையும் காணவில்லை. "ஆமா மக்கா" என்று சொல்லிவிட்டுப் பெட்டியில் ஒரு கை பிடித்தாள்.

நாற்பது நாளும் வீட்டில் ஆள் சத்தம் இருந்தது. இரண்டு பேருக்கு ஆக்கினாள். ஒருத்திக்கு உள்ளதை மட்டும் தின்றாள், பெரும்பாலும். அவன் போன அன்றைக்கு விமான நிலையத்திலிருந்து திரும்பி, அவன் குடித்துவிட்டு வைத்த டம்ளரைக் கழுவாமல் மறுநாள் வரை வைத்திருந்தாள்.

அடுத்த ஞாயிறு மணி அடித்தது.

"சொகந்தானே அக்கா?"

செல்லபாய் வாயைத் திறந்தாள். "மக்கா, நான் நூத்தி முப்பத்தொண்ணரை கிலோ இருந்தேன்."

"எப்ப?"

"அம்மை போன பொறவு. தொண்ணூத்தி மூணுல. சர்ச்சுல விழுந்தேன், ஆறு பேரு தூக்கினாவ."

அவன் குரல் சின்னதாகி வந்தது. "என்கிட்ட சொல்லவே இல்லியே அக்கா?"

"நீ சொகமான்னுதானே கேப்பே. நான் உண்டும்பேன்."

அவன் அழுகிறான் என்று அவளுக்குத் தெரிந்தது. அந்தக் கூண்டில் எத்தனை பேர் அழுது கேட்டிருக்கிறாள். "இப்ப எவ்வளவு?" என்றான்.

"தொண்ணூத்தியெட்டரை. நீ இருந்தப்ப ரெண்டு கூடிச்சு."

ஒருத்தி வந்து கண்ணாடியில் தட்டினாள், அவசரமாகப் பேச வேண்டுமாம். செல்லபாய் ரிசீவரைக் காதிலிருந்து எடுக்காமல், கொஞ்சம் நில்லு என்று கை காட்டினாள். பிறகு முதலிலிருந்து சொல்லத் தொடங்கினாள்.