கல்தூசி

தொண்ணூறுகளின் கடைசியில், டெல்லி மயூர் விஹாரில் எங்கள் வீட்டில் வேலை செய்த பெண்ணின் கணவருக்கு இருமல் நிற்கவே இல்லை. சேலம் பக்கத்திலிருந்து வந்து, ஊர்க்காரர்களோடு கட்டடங்களில் கல் அறுத்துக்கொண்டிருந்தவர். அவருக்கு இந்தி வராது என்பதால் அரசு ஆஸ்பத்திரிக்கு என்னையும் கூட்டிப் போனார்கள்.

எக்ஸ்ரேயைப் பார்த்த டாக்டர், கல்தூசி நுரையீரலைக் கெடுத்துவிட்டது, இனிக் குணமாகாது என்று இந்தியில் சொன்னார். வீட்டு வேலைகளில் கொஞ்சம் இந்தி பழகியிருந்த மனைவிக்கு அது புரிந்துவிட்டது.

"வெறும் சளின்னு சொல்லிடுங்கக்கா. மனசு விட்டுடுவாரு" என்று என் காதருகே கெஞ்சினாள்.

ஆனால் அது அவருடைய உடம்பு. டாக்டர் சொன்னதை அப்படியே சொன்னேன்.

அவர், "என் தம்பியும் அதே வேலையிலதான் இருக்கான். நான்தான் கூட்டியாந்தேன். இன்னிக்கே நிறுத்திடணும்" என்றார்.

நிறுத்தியும் விட்டார். தம்பி காய்கறி வண்டி தள்ளத் தொடங்கினான்.

அடுத்த குளிர்காலத்தில் அவர் இறந்துபோனார். கடைசிவரை பயத்தோடேயே கிடந்தார் என்ற வருத்தத்தில் அவள் எங்கள் வீட்டு வேலையை விட்டுவிட்டாள். வழியில் பார்த்தாலும் பேசமாட்டாள். தம்பி மட்டும் வண்டியை நிறுத்தி, "நல்லா இருக்கீங்களாக்கா?" என்று கேட்பான்.