டவுன் பஸ்ஸைத் தள்ளிய ஆங்கிலச் சொல்

பிள்ளைகளே, நான் பத்தாவதோடு நின்றவன். ஆனாலும் ஓர் ஆங்கிலச் சொல்லின் பொருளை மட்டும் யாரிடமும் துணிந்து சொல்வேன். மைட்டிலி. பெரும் பலத்தோடு, உடம்பில் உள்ள தெம்பையெல்லாம் போட்டு என்று அர்த்தம். அதை நான் கற்றது ஆர்.கே.பேட்டையிலிருந்து திருத்தணிக்குப் போகும் டவுன் பஸ்ஸில்.

ஏழாவது படிக்கும் என் மகளுக்கு வகுப்பில் எழுந்து பேசவே பயம். அன்று முதல் பீரியடில் அந்தச் சொல்லை வைத்து ஒரு வாக்கியம் சொல்வதாக டீச்சரிடம் தானாகவே ஒப்புக்கொண்டிருந்தாள். அரசன் மைட்டிலி போரிட்டான் என்று கைப்பேசியில் பார்த்து எழுதி, வழியெல்லாம் முணுமுணுத்தபடி வந்தாள். இன்று தவறிப்போனால் மறுபடி கை தூக்கமாட்டாள் என்று எனக்குத் தெரியும். அதனால்தான் வயல் வேலையை விட்டுக் கூடவே கிளம்பினேன்.

பாதி வழியில் பஸ் நின்றுவிட்டது. பேட்டரி இறங்கிவிட்டதாம். எல்லோரையும் இறங்கித் தள்ளச் சொன்னார் கண்டக்டர். எங்கள் பக்கத்தில் எதைத் தள்ளினாலும் ஒன்று, இரண்டு என்று எண்ணமாட்டோம், அரோகரா என்போம். தூரத்தில் திருத்தணி முருகன் மலை வேறு தெரிந்தது. ஒரே குரலாக அரோகரா போட்டுத் தள்ளினோம், வண்டி உருண்டது. அந்தக் குரலைக் கேட்டதும் டிரைவர் ஸ்டியரிங்கை விட்டுக் கைகூப்பினார். வண்டி ஓரமாகப் போகவே பதறிப் பிரேக்கை மிதித்தார். இரண்டாம் முறையும் அதேதான்.

"யோவ், நீ வண்டி ஓட்டறியா, பூசை பண்றியா?" என்றார் கண்டக்டர்.

"சாமி பேர சொன்னா கை தானா போவுது, நான் இன்னா பண்றது?"

சத்தமில்லாமல் தள்ளிப் பார்த்தோம். ஆளுக்கொரு நேரத்தில் தள்ளியதில் வண்டி அசையவேயில்லை. பூக்கூடையோடு வந்த ஓர் அம்மா, சாமி பேர் இல்லாத வார்த்தையாக ஒன்று சொல்லுங்களேன் என்றார். யாருக்கும் ஒன்றும் தோன்றவில்லை. மகள் என் சட்டையைப் பிடித்து இழுத்தாள்.

"நைனா, மைட்டிலி சொல்லலாமா?"

"நீயே சொல்லும்மா."

முதலில் அவள் குரல் பக்கத்தில் நின்ற எனக்கே கேட்கவில்லை.

"இன்னா பாப்பா, காலைல சாப்டலயா?" என்று பூக்கார அம்மா சீண்டினார்.

அடுத்த முறை பையை முதுகில் இறுக்கிக்கொண்டு கத்தினாள். அத்தனை பேரும் அவளோடு சேர்ந்து கத்தித் தள்ளினோம். டிரைவரின் கை ஸ்டியரிங்கிலேயே இருந்தது. வண்டி இருமி, புகை கக்கி, ஸ்டார்ட் ஆயிற்று.

பள்ளிக்கூட வாசலில் இறங்கும்போது முதல் மணி அடித்துக்கொண்டிருந்தது. ஓடினாள்.

மாலையில் அழைத்துவரப் போனேன். அரசனை விட்டுவிட்டாளாம். நாங்கள் பஸ்ஸை மைட்டிலி தள்ளினோம் என்று சொன்னாளாம். வகுப்பே சிரிக்க, டீச்சர் முழுக்கதையையும் கேட்டாராம். அந்தச் சொல் கைபலத்துக்கு மட்டுமில்லை, ரொம்ப ரொம்ப என்ற பொருளில் மகிழ்ச்சிக்கும் போடலாம் என்றாராம்.

"அப்போ நீ மைட்டிலி சந்தோஷமா கீறியா, நைனா?"

"ஆங்," என்றேன்.

திரும்பும் பஸ்ஸிலும் அதே டிரைவர்தான். அவளைக் கண்டதும் ஸ்டியரிங்கை இரண்டு கையாலும் இறுக்கிப் பிடித்துக் காட்டினார்.