மாமாவின் விமான எண்ணெய்க்கு நான் காவல்

நான் பார்த்த முதல் உத்தியோகம் காவல் உத்தியோகம். அப்போது நான்காம் வகுப்பு முடித்துக் கோடை விடுமுறையில் இருந்தேன். காவல் காத்த இடம், எங்கள் வீட்டுக்குப் பின்னால் பாதி கட்டி நின்றுபோயிருந்த கழிப்பறை. காவல் காத்த பொருள், ஜெட் விமானத்துக்கான எரிபொருள். இதை இன்று யாரிடம் சொன்னாலும் முதலில் என் முகத்தைத்தான் உற்றுப் பார்க்கிறார்கள்.

அம்மாவின் தம்பி பெங்களூரில் இயந்திர உதிரிபாகங்கள் செய்யும் கம்பெனி ஒன்றில் வேலை பார்த்தார். உடம்பு கம்பெனியில் இருந்தாலும் மனம் முழுக்கக் குட்டி விமானங்களில் இருந்தது. பொம்மை என்று சொன்னால் அவருக்குக் கோபம் வரும். மாடல் ஜெட் என்று சொல்ல வேண்டும். அந்த வருடம் அவர் கொண்டுவந்த ஜெட் ஒரு கட்டில் நீளம் இருந்தது. வெள்ளை உடம்பு, சிவப்புக் கோடு. அதன் வயிற்றுக்குள் சொம்பு அளவில் ஒரு நிஜமான டர்பைன் இன்ஜின். பெரிய விமானத்தில் இருப்பதைப் போலவே முன்னால் காற்றை இழுத்து, உள்ளே எண்ணெயை எரித்து, பின்னால் சீறித் தள்ளும். அதைப் பறக்கவிட நீளமான, தட்டையான, ஆள் நடமாட்டம் இல்லாத இடம் தேவை. கோடையில் தண்ணீர் வற்றிப்போன பிச்சாட்டூர் ஏரியின் தரையைவிட அதற்குத் தோதான இடம் வேறு இல்லை என்று மாமா முடிவு செய்திருந்தார். நண்பர்கள் பின்னால் வருவதாக ஏற்பாடு. விமானமும் எண்ணெய்க் கேனும் மாமாவோடு முன்னால் வந்துவிட்டன.

கேனை எங்கே வைப்பது என்பதில்தான் வீடே இரண்டுபட்டது. சமையலறையில் அடுப்பு. கூடத்தில் நைனாவின், அதாவது அப்பாவின், பீடி. மோட்டார் கொட்டகையில் ஸ்டார்ட்டர் போடும்போதெல்லாம் நெருப்புப் பொறி பறக்கும். வேர்க்கடலை விதை மூட்டைகள் இருந்த அறையை மாமா எட்டிப் பார்த்தபோது, விதைக்கு நாற்றம் ஏறிவிடும் என்று நைனா குறுக்கே நின்றார். கடைசியில் மாமா கழிப்பறையைக் கண்டுபிடித்தார்.

"ஏம்பா, ஏரோப்ளேனுக்கு ஊத்தற எண்ணைய கக்கூஸ்லயா வெப்ப?" என்றார் நைனா.

"அதான் கரெக்டான எடம். அடுப்பு இல்ல, கரெண்ட் இல்ல, வெயில் படல. ஜன்னல்ல காத்து வந்துகினு போய்க்கினு கீது."

கேனைத் தரையில் வைக்காமல் செங்கல் அடுக்கி அதன்மேல் வைத்தார். வாசலில் ஒரு வாளி மணல். சுவரில் 'நெருப்பு கூடாது' என்று எங்கள் எல்லையோர ஊருக்கு ஏற்றபடி தமிழிலும் தெலுங்கிலும் கரித்துண்டால் நான் எழுதினேன். தெலுங்கு எழுத்தில் ஒரு கொம்பு விட்டுப்போனதை மாமா பெருந்தன்மையோடு கண்டுகொள்ளவில்லை. பிறகு என்னைக் கூப்பிட்டு விதிகளைச் சொன்னார். மூடியை யாரும் திறக்கக் கூடாது. உள்ளே தூசி போனால் இன்ஜினுக்குப் போகும் மெல்லிய குழாய் அடைத்துக்கொள்ளும். ஒரு துளி தண்ணீர் போனாலும் வானத்தில் இன்ஜின் அணைந்து விமானம் கீழே விழும். வெளியே எடுத்த எண்ணெயை ஒருபோதும் மறுபடி கேனில் ஊற்றக் கூடாது. கையில் பட்டால் சோப்புப் போட்டுக் கழுவ வேண்டும்.

"இனிமே இது உன் பொறுப்பு" என்றார். நான் வேப்பங்குச்சி ஒன்றை ஒடித்துக்கொண்டு செங்கல் குவியல்மேல் உட்கார்ந்துவிட்டேன்.

கிருஷ்ணாயில், அதாவது மண்ணெண்ணெய், மாதிரி ஒன்று எங்கள் வீட்டில் இருக்கிறது என்ற செய்தி தெருவில் பரவ வெகுநேரம் ஆகவில்லை. எறும்புப் புற்றுக்கு ஊற்ற ஒரு டம்ளர் கேட்டு ஒரு பெரியம்மா வந்தார். மருந்தடிக்கும் மெஷினில் துருப்பிடித்த திருகைக் கழற்ற நைனாவே ஒரு கிண்ணத்தோடு வந்தார். இது ராக்கெட் எண்ணெய் என்றும், முட்டியில் தேய்த்தால் வலி பறந்துவிடும் என்றும் யாரோ சொல்ல, காலை இழுத்துக்கொண்டு ஒரு தாத்தா வந்தார். "இதுல வேற எண்ணெ கலந்து கீது, தோல் வெந்துபூடும்" என்று மாமா சொன்னதை இன்னும் கொஞ்சம் கூட்டிச் சொல்லி அவரை அனுப்பிவைத்தேன். நைனாவையும் விடவில்லை. காவல் என்றால் அப்பன் மகள் எல்லாம் கிடையாது.

என்னால் தடுக்க முடியாத ஒரே ஆள் எதிர்வீட்டு அக்கா.

அவள் திருப்பதியில் விடுதியில் தங்கி வேதியியல் படித்துக்கொண்டிருந்தாள். விடுமுறைக்கு வந்திருந்தாள். முதல் நாள் சும்மா என்னைப் பார்க்க வந்தவளைப் போலத்தான் வந்தாள்.

"இன்னாடி, காவல் பலமா கீது?"

நான் பதில் சொல்வதற்குள் மாமா எங்கிருந்தோ வந்துவிட்டார். எண்ணெயில் தண்ணீர் கலந்திருந்தால் எப்படிக் கண்டுபிடிப்பது என்று அவள் கேட்டாள். மாமா உடனே ஒரு கண்ணாடி பாட்டிலைத் துடைத்து எடுத்து, கேனின் அடிவரை ஒரு குழாயைவிட்டுக் கொஞ்சம் எண்ணெய் பிடித்து வெயிலில் தூக்கிக் காட்டினார். தண்ணீர் இருந்தால் அடியில் முத்து முத்தாக உட்கார்ந்திருக்கும். ஒன்றும் இல்லை. இருவரும் அந்த ஒன்றும் இல்லாததை ரொம்ப நேரம் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

மறுநாளும் வந்தாள்.

"மூடி இறுக்கமாத்தானே கீது? அப்றம் எப்டி தண்ணி வரும்?"

"நல்ல கேள்வி" என்றார் மாமா. என் எந்தக் கேள்வியையும் அவர் அப்படிச் சொன்னதில்லை. "கேன் நெறைய இருந்தா பிரச்சனை இல்ல. கொறைஞ்சா மேல காத்து நிக்கும். காத்துல ஈரம் கீது. ராத்திரி குளுந்தா அது வேர்த்து உள்ள எறங்கிடும். அதனால அடிக்கடி டெஸ்ட் பண்ணிப் பாக்கணும்."

பார்த்தார்கள். எடுத்ததைக் கேனில் திரும்ப ஊற்றக் கூடாது என்பதால், பார்த்த எண்ணெய் தனியாக ஒரு தகர டப்பாவுக்குப் போனது. கேனில் எண்ணெய் குறைய, காற்று அதிகமானது. காற்று அதிகமாக, ஈரம் வரும் பயமும் அதிகமானது. பயம் அதிகமாக, சோதனையும் அதிகமானது. கேனுக்குள் எண்ணெய் எவ்வளவு இருக்கிறது என்பது வெளியிலிருந்தே மங்கலாகத் தெரியும். ஒவ்வொரு நாளும் அந்தக் கோடு கீழே இறங்குவதை நான் வயிற்றெரிச்சலோடு பார்த்தேன். திருடனைப் பிடித்துவிடலாம். சொந்தக்காரரே எடுத்துக் கொடுத்தால் காவல்காரி என்ன செய்வாள்?

அம்மாவிடம் முறையிட்டேன். "எதிர்வீட்டு அக்கா வந்தா எண்ணெ கொறையுதும்மா."

அம்மா அரிசி புடைத்துக்கொண்டிருந்தாள். முறத்தைக் கீழே வைத்துவிட்டு என்னை ஒரு முறை பார்த்தாள். "கொறைஞ்சா கொறையட்டும்டி" என்று சொல்லிச் சிரித்துவிட்டு, மீண்டும் புடைக்க ஆரம்பித்தாள். அன்று சாயங்காலம் எதிர்வீட்டுக்கு ஒரு கிண்ணம் குழம்பு வேறு கொடுத்தனுப்பினாள். மேலிடமே இப்படி இருந்தால் நாட்டில் நியாயம் எங்கே கிடைக்கும் என்று எனக்குத் தோன்றியது.

நண்பர்கள் வருவதற்குச் சில நாட்களுக்கு முன்னால் கோடை மழை வந்தது. மாமா பேட்டரி வாங்கப் புத்தூர் போயிருந்தார். முதலில் காற்று. கழிப்பறைமேல் போட்டிருந்த தகரம் படபடவென்று அடித்து, ஒரு பக்கம் பெயர்ந்து தூக்கிக்கொண்டது. நான் உள்ளே ஓடிக் கேனைக் கட்டிப்பிடித்தேன். என்னால் அதை அசைக்க முடியவில்லை. அம்மாவைக் கூப்பிட்டுக் கத்தினேன். அம்மா மாட்டைக் கட்ட ஓடியிருந்தாள். அப்போது தெருவைத் தாண்டி எதிர்வீட்டு அக்கா வந்தாள். கடலை காயவைக்கும் தார்ப்பாயைத் தலைக்குமேல் பிடித்துக்கொண்டு, செருப்புகூட இல்லாமல் வந்தாள். பாயைக் கேன்மேலும் என்மேலும் போர்த்தினாள். அது காற்றில் பறக்காமல் இருக்க வெளியே நின்று இரண்டு முனைகளையும் பிடித்துக்கொண்டாள். மழை முழுவதும் அவள் மேலேயே பெய்தது. பாயின் இருட்டுக்குள், கிருஷ்ணாயில் வாசனையில், இவளை இனிமேல் சந்தேகப்படுவதா வேண்டாமா என்று நான் குழம்பிக்கொண்டிருந்தேன்.

மழை விட்டதும் மாமா சைக்கிளைப் போட்டுவிட்டு ஓடிவந்தார். அவர் உடம்பிலிருந்தும் தண்ணீர் வடிந்தது.

"நனைஞ்சிட்டியா?" என்றார்.

"இல்ல மாமா! நானும் நனையல, கேனும் நனையல. ஒரு சொட்டுகூட படல" என்றேன் பெருமையாக. அவர் என் பக்கம் திரும்பவே இல்லை. அக்கா முகத்தைத் துடைத்துக்கொண்டே, "இல்ல, பரவால்ல" என்றாள். தொப்பலாக நனைந்து நின்றுகொண்டு இப்படிப் பொய் சொல்கிறாளே என்று எனக்கு ஆச்சரியம்.

ஏரித்தரை காய்வதற்காகக் காத்திருந்த நாட்களில் சோதனைகள் இன்னும் மும்முரமாக நடந்தன. மழை பெய்திருக்கிறது அல்லவா?

பறக்கவிடும் நாளன்று காலையிலேயே ஏரிக்குள் ஊர் திரண்டுவிட்டது. நைனா பீடியை அணைத்துவிட்டு, மற்றவர்களையும் அணைக்கச் சொல்லி அதட்டிக்கொண்டிருந்தார். நெருப்பை அணைக்கும் சிவப்பு சிலிண்டரோடு ஒரு நண்பர் நின்றார். இன்னொருவர் வடிகட்டி வைத்த குழாய் வழியாகக் கேனிலிருந்து விமானத்துக்கு எண்ணெய் ஏற்ற ஆரம்பித்தார். கொஞ்ச நேரத்தில் குழாய் காற்றை உறிஞ்சிச் சத்தம் போட்டது. கேன் காலி. விமானத்தின் டாங்க் பாதிதான் நிறைந்திருந்தது.

"கேன் நிறையக் கொண்டுவந்தியே, மீதி எங்கடா?" என்றார் நண்பர்.

மாமா கேனுக்குள் எட்டிப் பார்த்தார். எவ்வளவு பார்த்தாலும் இல்லாதது இல்லைதான். காவல்காரிமேல் பழி வருவதற்கு முன்னால் நான் முன்னே வந்தேன்.

"நான் சொல்றேன்! மாமா தெனமும் எதிர்வீட்டு அக்காவுக்கு பாட்டில்ல புடிச்சி காட்டிக் காட்டியே தீத்துட்டாரு!"

எண்ணெய் ஏற்றிய நண்பர் குழாயைக் கீழே வைத்துவிட்டு மாமாவைத் திரும்பிப் பார்த்தார். பிறகு யாரோ ஒருவர் சிரிக்க, அது கரைவரை பரவியது. அக்கா துப்பட்டாவால் முகத்தை மூடிக்கொண்டாள். அவளுடைய நைனா தோளில் கிடந்த துண்டை எடுத்து உதறி, மறுபடி தோளில் போட்டுக்கொண்டு, மாமாவையே பார்த்தார். மாமா குனிந்து, பார்க்க ஒன்றும் இல்லாத வடிகட்டியைப் பார்த்தார்.

"கீறது போதும், பறக்க வெச்சிடலாம்" என்றார் கடைசியில்.

இன்ஜின் முதலில் முனகியது. பிறகு விசில் அடித்தது. பிறகு அந்தச் சொம்புக்குள்ளிருந்து அப்படியொரு இரைச்சல் வரும் என்று யாரும் எதிர்பார்க்கவில்லை. காய்ந்து கிடந்த ஏரித்தரையில் விமானம் ஓடி, மூக்கைத் தூக்கி, எங்கள் தலைக்குமேல் ஏறியது. "ஒரேய், எகிரிந்திரா!" என்று, பறந்துவிட்டதடா என்று, தெலுங்கில் கத்தியது யார் என்று பார்த்தால் எங்கள் நைனா. கரையில் மேய்ந்த ஆடுகள் சிதறின. செல்போனைத் தூக்கிப் பிடித்தவர்கள் படம் எடுக்க மறந்து வாயைப் பிளந்தார்கள். ஒரு வட்டம், இன்னொரு வட்டம், ஒரு குட்டிக்கரணம். எண்ணெய் தீர்வதற்குள் மாமா அதை இறக்கிவிட்டார். தூசியைக் கிளப்பிக்கொண்டு வந்து அது நின்றபோது, அக்கா முகத்தை மூடியிருந்ததை மறந்து, குதித்துக் கைதட்டிக்கொண்டிருந்தாள்.

அவளுடைய நைனா மெதுவாக நடந்து மாமாவிடம் வந்தார்.

"இத்த உட்றது மட்டுந்தானா, இல்ல வேற வேல எதுனா பாக்கறியா?"

மாமா நேராக நிமிர்ந்து நின்றார். "பெங்களூர்ல கம்பெனிங்க. பெர்மனென்ட்."

அவர் தலையை ஆட்டிவிட்டு எங்கள் நைனாவிடம் போனார். இருவரும் தள்ளிப்போய் நின்று பேசினார்கள். என் புகாருக்கு இவ்வளவு மரியாதையா என்று எனக்குப் புல்லரித்தது.

அன்று சாயங்காலம் எதிர்வீட்டுப் பெரியவர்கள் எல்லோரும் எங்கள் வீட்டுக்கு வந்தார்கள். பாய் விரித்தார்கள். சின்னப் பிள்ளைகளை வெளியே போகச் சொன்னார்கள். எண்ணெய் விவகாரத்தை விசாரிக்கத்தான் இந்தக் கூட்டம் என்று நான் புரிந்துகொண்டேன். எப்படியும் சாட்சிக்கு என்னைத்தான் கூப்பிட வேண்டும். என்ன சொல்வது, எதிலிருந்து ஆரம்பிப்பது என்று மனசுக்குள் சொல்லிப் பார்த்துக்கொண்டு கதவோரம் நின்றேன். மழையில் அக்கா உதவியதையும் சொல்லி, தண்டனையைக் குறைக்கச் சொல்ல வேண்டும் என்று நினைத்திருந்தேன்.

உள்ளே சிரிப்புச் சத்தம்தான் கேட்டது. யாரும் கூப்பிடவில்லை. வெகுநேரம் கழித்து அம்மா வெளியே வந்து, என் கன்னத்தைக் கிள்ளி, உள்ளங்கை நிறையச் சூடான கேசரியை வைத்தாள். அவள் கண் ஏன் கலங்கியிருந்தது என்று நான் யோசிக்கவில்லை. இத்தனை நாள் காவல் காத்ததற்கு இதுகூடத் தராவிட்டால் எப்படி என்று நினைத்துக்கொண்டு, கையை நக்கிவிட்டு, இன்னும் கொஞ்சம் கேட்டேன்.