கீழமங்கனூரின் கடைசி வண்டி

என் அத்தா குலாம் முகம்மது, கீழமங்கனூர் ரயில் நிலையத்தின் கடைசி ஸ்டேஷன் மாஸ்டர். சென்ற மாதம் கோட்டூர்புரத்தில், என் வீட்டில் காலமானார்.

நிலக்கடலை மூட்டை ஏற்றுவதற்காகத் திறந்த மீட்டர் கேஜ் நிலையம் அது. லாரிகள் வந்தபின் மூட்டைகள் போயின. பள்ளிப் பிள்ளைகளும் சந்தைக்காரர்களும் மிஞ்சினார்கள். அகலப் பாதை போட்டபோது தடத்தையே வேறு பக்கம் திருப்பிவிட்டார்கள். தண்டவாளத்தைப் பெயர்த்து எடுத்தாகிவிட்டது. ஓட்டுக் கட்டடம் மட்டும் நிற்கிறது, ஆடுகள் படுக்க.

ஒற்றைப் பாதையில் ஒரு விதி உண்டு. அனுப்பிய வண்டி முழுதாக வந்து சேர்ந்ததென்று அடுத்த நிலையம் போனில் சொல்ல வேண்டும். அதுவரை பாதை திறக்காது. அதுவரை மேசையைவிட்டு எழுவதில்லை என்பது அத்தாவின் கட்டுப்பாடு. கடைசி நாளில், அடுத்த நிலையமான வெள்ளாற்றுப்பட்டியில் மாலையும் மேளமுமாக வண்டியை வரவேற்றவர்கள் அதைச் சொல்ல மறந்துபோனார்கள். அத்தா பொழுது சாயும்வரை போன் அருகே உட்கார்ந்திருந்துவிட்டு வீடு வந்தார். வெகுகாலம் இதைச் சொல்லிச் சிரிப்பார்.

சிறுநீரகம் கெட்டு, நினைவும் தடுமாறத் தொடங்கியபின் சிரிப்பு நின்றது. டயாலிசிஸுக்கு அடையாறு போகவேண்டிய காலையில் நாற்காலியைவிட்டு எழ மறுத்தார். வண்டி இன்னும் சேரவில்லையாம். அன்று போகாததில் மூச்சுத்திணறல் வந்தது. இன்னொரு முறை தவறினால் உடம்பு தாங்காது என்றார் டாக்டர்.

அடுத்த முறையும் எழவில்லை. நான் கருவியியல் பொறியாளர். ஆதாரம் காட்டினேன். செயற்கைக்கோள் படத்தில் கீழமங்கனூரைத் தேடி எடுத்து, தண்டவாளமே இல்லை பாருங்கள் என்றேன்.

"அதத்தாம்மா நானும் கேக்குறேன். அப்ப வண்டி எங்க?"

கீழே ஆட்டோவில் புகழேந்தி காத்திருந்தார். எப்போதும் எங்களை அடையாறுக்குக் கூட்டிப்போகிறவர்; வழியெல்லாம் அத்தாவின் ரயில் கதைகளைக் கேட்டவர். அவரிடம் விஷயத்தைச் சொன்னேன்.

"நீ மேல போ, சகினாக்கா" என்று தன் செல்போனை எடுத்தார்.

நான் வீட்டுக்குள் நுழையும்போது என் போன் அடித்தது. ஸ்பீக்கரில் போட்டு அத்தாவிடம் நீட்டினேன்.

"வெள்ளாத்துப்பட்டி பேசறேன் சார். வண்டி வந்துட்ச்சு."

அத்தா நிமிர்ந்தார். "முழுசா வந்துச்சா? கடைசிப் பெட்டியப் பாத்தீங்களா?"

"நானே நின்னு பாத்தேன் சார். கடைசிப் பொட்டி, அதுல செவப்பு வெளக்கு, அல்லாம் கீது."

"இதச் சொல்ல இவ்வளவு நேரமாய்யா?"

"இங்க ஒரே மால, மோளம் சார். மறந்துட்டோம். மன்னிச்சுக்கோ."

அத்தா போனை என்னிடம் கொடுத்துவிட்டுச் செருப்பைத் தேடினார்.

அதன்பின் ஒருநாளும் அவர் மறுக்கவில்லை. நான் நன்றி சொல்லப் போனால் புகழேந்தி பேச்சை மாற்றிவிடுவார். ஆட்டோ ஸ்டாண்டில்கூட இதை யாரிடமும் வேடிக்கையாகச் சொன்னதில்லை. ஒரு மழைக்காலமும், நோன்பும், பெருநாளும் எங்களுக்கு அத்தாவோடு கிடைத்தன.

அந்தப் பெருநாளன்று அத்தா தன் கையாலேயே புகழேந்திக்குப் பிரியாணி பரிமாறினார். இன்னும் கொஞ்சம் வை பாய் என்று அவர் கேட்டு வாங்கிச் சாப்பிட்டார்.