துஆவுக்கு உயர்த்திய கைகள்

ஆபிரிக்காவில் ஐ.நா. சமாதானப் படையில் நின்ற என் மகனைப் பற்றிச் சாய்ந்தமருதில் கதைக்காத வாய் இல்லை. அவன் பட்டாளத்தில் சேர்ந்தபோது, "இவனுக்கு வேற வேலையே கிடைக்கல்லயா?" என்று முகம் சுளித்த அதே ஆட்கள்தான். அங்கே சண்டை மூண்டு, இலங்கைப் படையைத் திருப்பி அழைப்பதா விடுவதா என்று தொலைக்காட்சியில் விவாதம் தொடங்கியதும் தேநீர்க் கடையில் எல்லோரும் வீரர்களாகிவிட்டார்கள்.

"நம்மட ஆக்கள் பயந்து ஓடி வரப்படாது காக்கா. நாட்டுக்கு மானக்கேடு," என்றார் ஒருவர்.

"அப்ப உங்கட புள்ளைய அனுப்புங்களன்! என்ட புள்ள ஊட்டுக்கு வரட்டும்," என்றேன். கோப்பையை வைத்த வேகத்தில் தேநீர் அவருடைய சாரனில் தெறித்தது. அதற்கு நான் இன்றுவரை வருத்தப்படவில்லை.

அந்த வெள்ளிக்கிழமை ஜும்ஆ முடிந்ததும் மௌலவி என் மகனுக்காகத் துஆ கேட்டார். அரபியில்தான் கேட்டார்; பிள்ளை ஸலாமத்தாக ஊர் திரும்ப வேண்டும் என்பதே அதன் பொருள். பள்ளி நிறைந்த சனம் கையேந்தி ஆமீன் சொன்னது. படை அங்கேயே நிற்க வேண்டுமா என்று வாசலில் போவோர் வருவோரிடம் கேட்டுக்கொண்டிருந்த தொலைக்காட்சிக்காரர்கள் அதையும் படம் பிடித்தார்கள். பிடித்தால் பிடிக்கட்டும் என்று விட்டுவிட்டோம். மாலைச் செய்தியில் எங்கள் கைகள் வந்தன. கீழே சிங்களத்தில் எழுத்து ஓடியது: படை திரும்பக் கூடாது, முழு ஊரும் கை உயர்த்தி ஆதரவு. படுபாவிகள்! எங்களிடம் ஒரு வார்த்தை கேட்டிருந்தால் சொல்லியிருப்போமே.

மறுநாள் மகன் அழைத்தான்.

"துஆ எண்டு எனக்குத் தெரியும் வாப்பா. எங்கட கமாண்டர் சேருக்குத் தெரியுமா? எல்லாருக்கும் டீவில வந்த படத்தக் காட்டி, 'இவன்ட ஊரப் பாருங்க' எண்டு என்ட தோள்ல தட்டினாரு. பொறகு, ஊட்ட போக விருப்பமானவங்க கை தூக்குங்க எண்டாரு."

"நீ தூக்கினதானே மகன்?"

"எப்படி வாப்பா தூக்குற? இந்தப் படைக்குள்ள நான் மட்டும்தான் சோனகன். தூக்கினா, முஸ்லிம் பயந்துட்டான் எண்டுதானே சொல்லுவாங்க."

"அது வேற கை எண்டு போய்ச் சொல்லு!" என்று கத்தினேன். அவன் சிரித்தான். பெருநாளைக்கு வந்துவிடுவேன் என்றான்.

பெருநாளைக்கு முன்பே வந்தான். பாதையில் புதைத்திருந்த குண்டில் அவர்களுடைய வாகனம் ஏறியிருந்தது. மூடி முத்திரை வைத்த பெட்டியைத் திறக்கவே கூடாது என்றார்கள். என் பிள்ளையை என் கையால் குளிப்பாட்டக்கூட எனக்கு நஸீப் இல்லாமல் போயிற்று. முற்றத்தில் நின்ற சனம், ஊருக்கே பெருமை தேடித் தந்த பிள்ளை என்று ஆளுக்காள் சொல்லிக்கொண்டிருந்தது. யாரையும் ஏச எனக்குத் தெம்பு இல்லை.

அவனுடைய உம்மா அழவே இல்லை. பெட்டியின் மேல் கன்னத்தை வைத்தபடி என்னைப் பார்த்தாள்.

"இஞ்ச பாருங்க, இனி இவன அங்க நிக்கச் சொல்லி ஆரும் கேக்க மாட்டாங்கதானே?"

"ஓம்," என்றேன். "இனி ஆரும் கேக்க மாட்டாங்க."