குடம் கட்டிய கை

நவி மும்பை கோபர்கைரனேயில் டாக்டர் என்னைக் குப்புறப் படுக்க வைத்து, தோள் நழுவிய கையைத் தொங்கவிட்டு, மணிக்கட்டில் மணல் பையைக் கட்டினார். "ஆபரேஷன் வேண்டாம், கனத்துக்கு மூட்டு தானா உள்ளே போயிடும்" என்றார். எனக்கா தெரியாது?

சின்ன வயதில், தாராவியில் எங்கள் சந்துக் குழாயில் விடியுமுன் கொஞ்ச நேரம்தான் தண்ணீர் வரும். நிறைகுடத்தைத் தூக்கும்போது அம்மாவுக்குத் தோள் நழுவியது. ஆஸ்பத்திரியில் இப்படித்தான் தோளை ஏற்றினார்கள். சில வாரம் கையை அசைக்கக் கூடாது என்று கழுத்தோடு கட்டியும் விட்டார்கள். மறுநாளே குழாயடிச் சத்தம் கேட்டதும் அம்மா கட்டைக் கழற்றி ஆணியில் மாட்டிவிட்டுப் போய்விட்டாள்.

அப்புறம் தோள் அடிக்கடி நழுவியது. "ஏட்டி, அந்தக் குடத்தக் கொண்டா" என்று பெஞ்சில் குப்புறப் படுத்துக்கொள்வாள். அவள் மணிக்கட்டில் துண்டைச் சுற்றி, தோளைக் கழற்றிய அதே குடத்தை நான் கட்டிவிடுவேன். பல்லைக் கடித்துக்கொண்டு கிடப்பாள். டொக்கென்று மூட்டு உள்ளே போகும். 'ஸ்ஸ்' என்று ஒரே ஒரு மூச்சு. பிறகு எழுந்து அந்தத் தண்ணீரிலேயே உலை வைப்பாள்.

அம்மா செத்த அன்று, குளிப்பாட்டி ரவிக்கை மாட்டுவதற்காக அத்தை கையைத் தூக்கினாள். தோள் நழுவியது. நான் ஓடிப்போய்க் குடத்தை எடுத்து வந்தேன்.

"குடம் எதுக்குட்டி இப்போ?" என்றாள் அத்தை.

மணல் பையின் கனத்தில் டொக்கென்று என் மூட்டு உள்ளே போனது. என் வாயிலிருந்து அம்மாவின் 'ஸ்ஸ்' வந்தது.