அக்கா சொன்னதில் மீதி

என் அக்கா சொன்னதை நான் வாசிக்க வேண்டுமென்றால் டொலரில் பணம் கட்டு என்றது ஒரு வெளிநாட்டுப் பத்திரிகையின் இணையத்தளம். இரண்டாயிரங்களின் நடுவில், ஹட்டன் பஸ் நிலையத்துக்குப் பக்கத்தில் டெலிபோன், இணைய வசதி தரும் ஒரு கொமியூனிகேஷன் கடையில் நான் வேலை செய்த காலம் அது. இன்றைக்கு நினைத்தாலும் பற்றிக்கொண்டு வருகிறது.

நடந்தது இதுதான். சம்பள உயர்வு கேட்டு எங்கள் தேயிலைத் தோட்டத்தில் எல்லாரும் வேண்டுமென்றே கொழுந்தை மெதுவாகப் பறித்துக்கொண்டிருந்தார்கள். அந்த நேரம் பார்த்து ஒரு வெள்ளைக்கார நிருபர், மொழிபெயர்க்க ஓர் ஆளோடு வந்தார். நிர்வாகம் அவரை நேரே பிள்ளைக் காம்பராவுக்குக் கூட்டிப் போனது. வேலைக்குப் போகும் தாய்மார் கைக்குழந்தைகளை விட்டுப் போகும் அறை அது. தோட்ட மேனேஜரான தொரை வெளியே போய் நின்ற நேரத்தில், குழந்தையை விட வந்திருந்த அக்காவிடமும் நிருபர் ஏதோ கேட்டிருக்கிறார்.

சில வாரம் கழித்து ஆபீஸ் கிளாக்கர் பெரட்டுக்களத்தில், காலையில் எல்லாரும் பேர் கொடுக்க நிற்கும்போது, ஒரு தாளை ஆட்டிக் காட்டினார். தோட்டத்தின் பெயரைப் போட்டு இணையத்தில் தேடியபோது வந்த பக்கமாம். அதில் அந்த நிருபர் எழுதிய செய்தியிலிருந்து இங்கிலீஷில் இரண்டே வரி இருந்தது. 'எங்களுக்கு ஒரு குறையும் இல்லை' என்கிறார் கொழுந்து பறிக்கும் பெண் ஒருவர். அதற்குப் பிறகு மூன்று புள்ளி. பெயர் இல்லை. ஆனாலும் பேசியது யாரென்று தோட்டத்துக்கே தெரியும்.

அன்றிலிருந்து யாரும் அக்காவோடு சேர்ந்து கொழுந்து மலைக்குப் போகவில்லை. தேத்தண்ணி நேரத்தில் அவள் உட்கார்ந்தால் பக்கத்தில் இருப்பவர்கள் எழுந்து போனார்கள். தொரைக்கு வால் பிடிக்கிறாள் என்று பேச்சு. தான் சொன்னது அது மட்டுமில்லை என்று அவளும் சொல்லிப் பார்த்தாள். அச்சில் வந்ததற்கு முன்னால் கொழுந்துக்காரியின் வாய்ப்பேச்சு எங்கே எடுபடும்?

நான் கடையில் உட்கார்ந்து அதே வரியைத் தேடினேன். கிடைத்தது. அழுத்தினால் தலைப்பும் ஒரு படமும் வந்தன. அதற்குக் கீழே, மேலும் வாசிக்கச் சந்தா கட்டுங்கள் என்றது. கிரெடிட் கார்ட் வேண்டுமாம். எனக்குத் தெரிந்த யாரிடமும் அப்படியொரு கார்ட் இல்லை, என் முதலாளியிடம்கூட.

கோபத்தில்தான் யோசனை வந்தது. திறந்த பக்கத்தில் அக்காவின் வார்த்தையே இல்லை. அப்படியென்றால் தேடுபொறிக்கு அது எப்படித் தெரிந்தது? அதற்கு மட்டும் முழுவதையும் காட்டியிருக்கிறார்கள். ஆள் பிடித்து வர அந்த இயந்திரம் வேண்டும், அதனால் அதற்குக் கதவு திறப்பு. அது கூட்டி வரும் ஆளுக்குப் பூட்டு. பந்திக்குக் கூப்பிட்டு இலையை உருவுகிற வேலை. சரி, இயந்திரத்துக்குக் காட்டியதை இயந்திரத்திடமே வாங்கிக்கொள்வோம் என்று நினைத்தேன். அந்தக் காலத்தில் தேடல் முடிவுக்குக் கீழே, அது எடுத்து வைத்திருக்கும் பிரதிக்கு ஒரு சின்ன இணைப்பு இருக்கும். எங்கள் கடைக்கு வருபவர்கள் யாரும் அதைத் தொட்டதில்லை. நான் தொட்டேன். முழுச் செய்தியும் வந்து விழுந்தது.

முதலாளி திரையை எட்டிப் பார்த்துவிட்டு, இது களவு, பொலிஸ் வரும் என்றார். என் அக்காவின் பேச்சை நான் எடுத்தால் களவா என்று கேட்டேன். பிரிண்ட் எடுத்தேன்.

தோட்டத்துக்குத் திரும்பும் பஸ் டிக்கோயாவைத் தாண்டும்போதுதான் எனக்கு உறைத்தது. பாதிப் பேச்சு அக்காவின் சிநேகிதிகளைப் பறித்தது. முழுப் பேச்சு வேலையையே பறித்துவிடலாம். எங்கள் லயத்து வீட்டுக்குப் போய் அவளுக்கு மட்டும் தமிழில் சொல்லிக் காட்டினேன். கிழித்துப் போட்டுவிடட்டுமா என்றும் கேட்டேன். அவள் பிள்ளைக்குச் சோறு ஊட்டிக்கொண்டிருந்தாள்.

"கிழிக்கவா தங்கச்சி அங்கேருந்து கொண்டாந்த? காலையில பெரட்டுல நின்னு படி. முணுமுணுக்காத, சத்தமாப் படி."

மறுநாள் காலையில் பெரட்டில் நின்று தமிழில் படித்தேன். 'எங்களுக்கு ஒரு குறையும் இல்லை என்று சொல்லச் சொல்லியிருக்கிறார்கள். இந்தத் திரைச்சீலை, பொம்மை, பால்மா டின் எல்லாம் நேற்றுத்தான் வந்தன. நீங்கள் போனதும் ஆபீசுக்குத் திரும்பிவிடும். ஒருநாள் சொல்லாமல் வந்து பாருங்கள்.'

அக்காவை முதலில் ஒதுக்கிய பெண்ணே கூடையோடு வந்து அவள் பக்கத்தில் நின்றாள். இன்னும் சிலர் வந்தார்கள். கிளாக்கர் தாளைப் பிடுங்கிப் பார்த்துவிட்டு, இது பொய், நானும் திறந்து பார்த்தேன், பணம் கேட்கும் பக்கம்தான் வந்தது என்றார். மீதியை வாசிக்காமலா எங்கள் முகத்துக்கு நேரே ஆட்டினீர்கள் என்று கேட்டேன். அவர் என்னை விட்டுவிட்டு அக்காவிடம் திரும்பினார். இதையெல்லாம் நான் சொல்லவில்லை என்று இப்போதே சொல்லிவிடு, தொரையிடம் பேசி உன் வேலையைக் காப்பாற்றித் தருகிறேன் என்றார். அக்கா கூடையை இறக்கி வைத்தாள்.

"நான் சொன்னதுதாங்க ஐயா. ஒண்ணு மட்டும் அதுல விட்டுப்போச்சு, தொரைகிட்ட அதையும் சேத்துச் சொல்லிருங்க. அந்தப் பால்மா டின்னு அத்தனையும் வெறும் டின்னு."